பத்து மணி மீட்டிங்

ஒன்பதே முக்காலுக்கு வைஃபை சிக்னல் ஒரே ஒரு கோடு. பத்து மணிக்குக் கணவருக்கு ஆன்லைன் மீட்டிங்.

அவள் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கேரவனை மூன்றாவது தடவையாகச் சுற்றி வந்தாள். பக்கத்துக் கூடாரத்துக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"விடு, பரவாயில்ல. நெட் இல்லன்னு சொல்லிக்கலாம்" என்றார் கணவர், உள்ளேயிருந்து.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரமும் இதைத்தான் சொன்னார். இதற்கு முன்னால் தங்கிய இரண்டு கேம்ப்பிலும் இதே பாட்டுதான். ஒரு ஆபீஸ் எத்தனை நாளைக்கு இதைப் பொறுத்துக்கொள்ளும்?

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுச் சக்கரத்தின் மேல் குடித்தனம் நடத்துகிறவர்கள் அவர்கள். இனி எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டதாக இரண்டு மாதத்துக்கு முன் அவர் வந்து சொன்னபோது, அவள்தான் முதலில் துள்ளிக் குதித்தாள். இப்போது நெட்டால் அந்த வேலை போய்விட்டால்?

இங்கே போன் டவர் எட்டாது. கேம்ப் ஆபீஸில் இருக்கிற வைஃபையே கதி. அதற்கும் கேரவனுக்கும் நடுவே மழையில் நனைந்த மரங்கள். போதாக்குறைக்கு, தப்பித் தவறி வந்து சேருகிற சிக்னலையும் கேரவனின் தகரச் சுவர் வாசலிலேயே நிறுத்திவிடும்.

அதற்காகவே, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புகிற ரிப்பீட்டர் ஒன்று வாங்கியிருந்தாள். வாங்கிய கையோடு, அவருடைய லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே செருகி வைத்தாள். ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்த நேரம் குழாய் பழுது பார்க்க வந்த கேம்ப் மேனேஜர் அதை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"சிக்னலே செத்துக் கெடக்குற எடத்துல வச்சா, அது எதை வாங்கி எதைம்மா குடுக்கும்? பாதி வழியில வைங்க."

பாதி வழியில் இருந்தது பெண்கள் குளியலறை. அங்கே கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பிளக். ஓடிப்போய்ச் செருகினாள். சிவப்பு விளக்கு யோசித்து யோசித்துப் பச்சைக்கு மாறியது. 'தயவுசெய்து கழற்ற வேண்டாம்' என்று காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்து பார்த்தால், கேரவனுக்குள்ளேயே மூன்று கோடு.

சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. அவர் முகம்தான் தெளியவில்லை. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரைக்கால் டிரவுசர், நெற்றியெல்லாம் வேர்வை. பெரிய அதிகாரி வருகிற மீட்டிங் போல என்று நினைத்துக்கொண்டாள்.

"நீ பக்கத்துல இருந்தா எனக்குப் பேச வராது" என்று அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சரியாகப் பத்து மணிக்கு அவர் குரல் கேட்டது. "குட் மார்னிங் சார்."

அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். காய்ந்திருந்த துண்டை எடுத்து உதறித் திரும்பக் காயப் போட்டாள். பத்து இருபதுக்கு, எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று குளியலறைக்குப் போனாள்.

கண்ணாடி முன்னால் ஒரு பெண் தலைமுடி உலர்த்திக்கொண்டிருந்தாள். பிளக்கில் அவளுடைய டிரையர். ரிப்பீட்டர் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் அநாதையாகக் கிடந்தது. எழுதி ஒட்டிய காகிதம் ஈரத்தில் கழன்று தரையில் மிதிபட்டிருந்தது.

கழற்றிப் பத்து நிமிடம் இருக்கும் என்றாள் அந்தப் பெண், சாவகாசமாக.

பத்து நிமிடம்! டிரையரைப் பிடுங்கி ரிப்பீட்டரைச் செருகினாள். சிவப்பு விளக்கு. அது பச்சையாகும்வரை நிற்கப் பொறுமையில்லாமல் கேரவனை நோக்கி ஓடினாள். பாவம், பாதிப் பேச்சில் எல்லாம் அறுந்துபோய்த் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். ஆபீஸுக்குத் தானே மெயில் போட்டு, தப்பு தன்னுடையது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

கைப்பிடியில் கை வைத்தபோது, உள்ளே அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா சார்... தெளிவா கேக்குது சார்... ஸ்கிரீன் நல்லாத் தெரியுது சார்."

நடுநடுவே நிறுத்தினார். எதிரில் ஒருவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம். ஒரு இடத்தில் சிரிக்கவும் செய்தார்.

அவள் தன் போனைப் பார்த்தாள். இணைப்பு இல்லை.

மறுபடி பார்த்தாள். இல்லை.

நெட் எட்டாத மூன்று கேம்ப்பையும் தேடிப் பிடித்தவர் அவர்தான். எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று ஆபீஸ் சொன்னதாக வந்து சொன்னவரும் அவர்தான்.

கோபம் வரும் என்று நின்றாள். வரவில்லை. அடிவயிற்றிலிருந்து அழுகைதான் வந்தது. கைப்பிடியிலிருந்து மெல்லக் கையை எடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

மேனேஜர் அந்தப் பக்கமாக வந்தவர், தூரத்திலிருந்தே சத்தமாகக் கேட்டார். "என்னம்மா, இப்ப நெட் எப்படி இருக்கு?"

"நல்லா வருதுண்ணா" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. உள்ள மீட்டிங் நடக்குது."