ராத்திரி டூட்டி

“வெள்ளைக்காரன் காலத்துல பதினெட்டு வருஷம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்காருங்க எங்க தாத்தா. ஒரு நாள் லீவு போட்டதில்ல” என்றார் பச்சைமுத்து. சென்ட்ரிங் வேலை முடித்து வந்து குளித்திருந்தும் காதோரம் சிமெண்ட் போகவில்லை.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் முனிராஜ் உட்கார்ந்திருந்தார். ரிட்டயரான ஏட்டு, லிங்கராஜபுரத்தில் சொந்த வீடு. அவர் மகன் உமேஷுக்கும் பச்சைமுத்துவின் மகள் மமதாவுக்கும் வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். மூன்று நாள்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் மனிதர் சொல்லாமல் கொள்ளாமல், தனியாக இவர்கள் குடியிருக்கும் ஈஜிபுரா வரைக்கும் வந்திருக்கிறார். மடியில் ஒரு பழுப்புக் கவர்.

பெண் பார்க்க வந்த அன்று அவர் ஒளிக்காமல் சொன்னார். “எங்க தாத்தா போலீஸ், நான் போலீஸ். கூலிக்காரன் வீட்ல பொண்ணு எடுக்கறதான்னு எங்க ஆளுங்க முணுமுணுக்கறாங்க.”

“எங்க தாத்தாவும் போலீஸ்தாங்க” என்று பச்சைமுத்து சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் சம்பந்தம் உறுதியானது. இரண்டு குடும்பத்துக்கும் பூர்வீகம் திருக்கோவிலூர் பக்கம். “அந்த ஸ்டேஷன் ரைட்டர் எனக்குப் பழக்கம். பழைய புக்கை எடுத்துப் பார்க்கச் சொல்றேன். தாத்தா பேரைக் கல்யாணப் பத்திரிகையிலயே போட்டுடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார் முனிராஜ்.

பச்சைமுத்து வேலை செய்யும் இடத்தில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. மேஸ்திரிகூட, “போலீஸ்காரரே, அந்தப் பலகையத் தூக்குங்க” என்றுதான் கூப்பிடுகிறார்.

“காபி போடட்டுமாண்ணா?” என்று கேட்டாள் தனக்கோடி, பச்சைமுத்துவின் மனைவி.

“பேடம்மா, வேணாம். இப்பத்தான் ஆச்சு” என்று கையசைத்தார் முனிராஜ்.

அந்தக் குரலே சரியில்லை. பச்சைமுத்து இன்னும் வேகமாகப் பேசினார். “விளக்கு வெக்கற நேரத்துக்குப் போனா விடிஞ்சுதான் வருவாராம். ராத்திரி டூட்டி மட்டும்தான். கல்யாணம் ஆன அன்னிக்குக்கூடக் கிளம்பிட்டாராம்னா பாருங்க.”

“யூனிபாரத்தோட போட்டோ ஏதாச்சும் இருக்குதா?”

“இல்லீங்க. மஃப்டியா இருக்கும்.”

“இவங்க தாத்தா தெருவுல ஆம்பளைங்க அத்தனை பேருமே போலீஸாம்ணா” என்று சிரித்தாள் தனக்கோடி. “அப்புறம் திருடன் யாருன்னு கேட்டேன். ரெண்டு நாள் எங்கிட்ட பேசல இவரு.”

முனிராஜ் சிரிக்கவில்லை. கவரைப் பிரித்து ஒரு தாளை நீட்டினார். பழைய புத்தகத்தின் பக்கத்தைப் போனில் படம் பிடித்து, அச்செடுத்து வந்திருந்தார்.

பச்சைமுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘27. சடையன். தகப்பன் பெயர் குப்பன். இடது புருவத்தில் தழும்பு.’ தாத்தாவேதான். கீழே பத்து விரல் ரேகையும் வரிசையாகப் பதிந்திருந்தது.

“பார்த்தியாடி, போலீஸ் புக்குல பேரு” என்று மனைவியிடம் காட்டினார்.

தனக்கோடி கைநாட்டு வைத்துக் கூலி வாங்குகிறவள். தாளை உற்றுப் பார்த்தாள். “சம்பளத்துக்கு ஒரு விரல் போதுமே. பத்து விரலும் எதுக்குண்ணா வாங்கியிருக்காங்க?”

முனிராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“இது டூட்டி புக் இல்லம்மா. அப்ப கைரேகைச் சட்டம்னு ஒண்ணு இருந்துச்சு. சில ஜனங்களப் பொறப்புலயே திருடங்கன்னு எழுதி வெச்சாங்க. ராத்திரியானா ஆம்பளைங்க எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போய் அங்கயே படுக்கணும். மழையா இருந்தாலும், பொண்டாட்டிக்குப் பிரசவமா இருந்தாலும் போயாகணும். போகலைன்னா ஜெயில்.”

பச்சைமுத்து தாளை மடித்தார். திரைக்குப் பின்னால் மமதா நிற்கிறாள். நிச்சயத்துக்கு எடுத்த புடவையைக் காலையில்தான் உடுத்திப் பார்த்தாள்.

“வேணும்னு பொய் சொல்லலீங்க. எங்கப்பா சொன்னதத்தான் சொன்னேன். அவருக்குத் தெரியாம இருந்திருக்காது. எங்கிட்ட மறைச்சிருக்காரு.”

முனிராஜ் மறுபடி கவருக்குள் கையை விட்டார்.

“சம்பந்தம் வேணாம்னு சொல்லத்தானே வந்தீங்க? பரவால்லீங்க. பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன்.”

“நிறுத்தறதா இருந்தா நீங்கதான் நிறுத்தணும்” என்று முனிராஜ் கவரிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். “இதையும் படிச்சிருங்க.”

‘41. ஆண்டி. தகப்பன் பெயர் மாரி. வலது காது மடல் கிழிந்தது.’ அங்கேயும் பத்து விரல்.

“இது யாருங்க?”

முனிராஜ் தலை நிமிரவில்லை.

“எங்க தாத்தா. இவர நெனச்சுத்தான் நான் போலீஸ்ல சேர்ந்தேன்.”