பார்லி இல்லாத போத்தல்

“அக்கா, உந்தப் போத்தலிலை பார்லி ஒரு பொட்டும் இல்லை. பிறகேன் அத்தானுக்கு வயித்துக்குத்து வருது?”

றொகான் வெறும் பியர் போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதில் ஒட்டியிருந்ததை மறுபடியும் வாசித்தான். ரொறன்ரோவில் இருந்து குருநகருக்கு, அக்கா மேர்சி வீட்டுக்கு லீவில் வந்திருந்தான். பியரும், அத்தான் ஞாயிறுதோறும் குடித்துவந்த கடைப் பியருக்குப் பதிலாக, அவனுடைய சூட்கேசில் உடுப்புகளுக்கு நடுவே வந்ததுதான்.

அத்தான் ஜெயசுதன் வயிற்றைப் பிடித்தபடி பாயில் சுருண்டு கிடந்தான்.

ஜெயசுதனுக்குச் சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், அவன் உடம்பே அவன் குடலைப் புண்ணாக்கிவிடும். டொக்டர் அதைக் கண்டுபிடித்துச் சொன்ன நாளில் இருந்து அந்த வீட்டுக்குள் கோதுமைப் பாண் வரவில்லை. தினமும் வந்த குத்தும் நின்றுவிட்டது, ஞாயிற்றுக்கிழமையைத் தவிர.

“பியர் எண்டால் பார்லிதானே?” என்றாள் மேர்சி.

“அதுதான் சொல்லுறன், கேளக்கா.” விளங்கப்படுத்தத் தொடங்கினால் றொகானுக்குப் பசியும் தெரியாது. “வழமையான பியர் பார்லியை முளைக்க வைச்சுச் செய்யிறது. அரிசி பியர் எண்டு விக்கிறதிலையும் பார்லியைக் கலந்து விடுவினம். இன்னொரு சாதி இருக்கு. பார்லியிலை செய்துபோட்டு, குளூட்டனை உடைச்சுப்போட்டம் எண்டு எழுதியிருப்பினம். அதையும் நம்பேலாது. உடைஞ்ச துண்டுகள் எவ்வளவு மிச்சமெண்டு சோதனையிலை சரியாய்ப் பிடிபடாது. இது அப்பிடியில்லை. முழுக்க இறுங்குச் சோளமும் தினையும். பார்லி உள்ளுக்கே வராத ஆலை.”

“தினை குருவி தின்னுறது. உன்ரை அத்தான் என்ன குருவியோ?”

பாயில் இருந்து முனகல் வந்தது. “நான் ஒரு போத்தல்தானே குடிச்சனான்.”

“அந்த ஒண்டுதான் குத்துது. ஞாயிறு மட்டும் நீங்கள் கடலுக்குப் போறேல்லை. ஞாயிறு மட்டும் பியர். ஞாயிறு மட்டும் குத்து. உதுக்குக் கனடாவிலை போய்ப் படிக்க வேணுமே?”

மேர்சி தீர்ப்புச் சொன்னாள்.

“வாற ஞாயிறு ஒரு துளியும் குடிக்கக் கூடாது. குத்து வராட்டில் பியர்தான் குற்றவாளி. மிச்சம் முழுக்கக் கடலுக்கை ஊத்துவன்.”

ஜெயசுதன் எழுந்து உட்கார்ந்தான். “வந்தால்?”

“வந்தால் பியர் இருக்கிற அலுமாரித் திறப்பு உங்கடை கையிலை.”

அடுத்த ஞாயிறு மேர்சி அலுமாரியைப் பூட்டி, திறப்பைத் தாலிக்கொடியில் முடிந்துகொண்டாள். விடிந்ததில் இருந்து புருசனை விட்டு நகரவில்லை. மாதா கோயில் வரிசையிலும் முன்னுக்கு அவள், பின்னுக்கு றொகான், நடுவில் கைதிபோல ஜெயசுதன்.

மத்தியானம் சாப்பிட்டபின் அவன் பாயை விரித்து, குத்து வரவேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு படுத்தான். கொஞ்ச நேரத்தில் முகம் மலர்ந்தது.

“வருது மேர்சி. குத்து வருது. திறப்பைக் கொண்டா.”

“நடிப்பு.”

“வேர்வையைப் பார். வேர்வையை நடிக்கேலுமே?”

அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நடிப்பில்லை. “அப்ப எங்கையோ ஒளிச்சுக் குடிச்சிட்டியள்.”

“உன்ரை பக்கத்திலைதானே நிண்டனான்.”

“அதைச் சுவாமிக்கு முன்னாலை சொல்லுங்கோ. வாருங்கோ.”

குத்துக் குறைந்த பிறகு, பின்னேரம் மூவரும் கோயிலடிக்குப் போனார்கள். பங்குச் சுவாமி அருட்செல்வன், வழக்கு முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

“விடிஞ்சதிலை இருந்து இவரின்ரை வாய்க்குள்ளை போனது என்னென்ன?” என்று கேட்டார்.

“பூசைக்கு முன்னம் பச்சைத் தண்ணியும் இல்லை சுவாமி,” என்றாள் மேர்சி. “வீட்டை வந்து அரிசிமாப் புட்டு, நான் அவிச்சது. மத்தியானம் சோறும் பாரைமீன் குழம்பும். வேறை ஒண்டும் இல்லை. கண்ணாலை பாத்தனான்.”

“றொகான்?”

“ஓம் சுவாமி. நானும் பின்னாலையே நிண்டனான்.”

சுவாமி தன் வலது கைவிரல்களை விரித்துப் பார்த்தார்.

“அப்ப குற்றவாளி பியர் இல்லைப் பிள்ளை,” என்றார். “நான்தான்.”

மூவரும் விழித்தார்கள்.

“பூசையிலை இவரின்ரை நாக்கிலை நான் வைச்சது என்ன? நற்கருணை அப்பம். அது கோதுமை மாவிலைதான் செய்யிறது.”

அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதே இல்லை. றொகான் தன் தலையில் தானே குட்டிக்கொண்டான்.

“பயப்படாதேங்கோ. அப்பம் எடுக்கேலாதவைக்குத் திருச்சபையிலை வழி இருக்கு. அப்பத்துண்டு படாத வேறை கிண்ணத்திலை திராட்சை ரசம் மட்டும் தாறன்.”

மேர்சி தாலிக்கொடியில் இருந்து திறப்பை அவிழ்த்து, புருசனைப் பார்க்காமலே நீட்டினாள். “குடியை நிப்பாட்டக் கூட்டிக்கொண்டு வந்தனான் சுவாமி. நீங்கள் ஒண்டை ரெண்டாக்கி அனுப்புறியள்.”

அடுத்த ஞாயிறு காலை கோயிலில் சுவாமி கையால் ஒரு மிடறு திராட்சை ரசம், மத்தியானம் வீட்டில் மேர்சி கையால் ஒரு போத்தல் இறுங்குப் பியர், குத்து வரவில்லை.