இழுவை மெஷினில் ஒரு கை

"அக்கா, சாப்பிட்டுட்டு வந்துடறேன். இழுவை மெஷின்ல மட்டும் கை வெச்சுடாதீங்க. ஸ்பீடு கொஞ்சம் ஏறினாலும் இழை அறுந்துடும்!"

சத்தமாகச் சொல்லிவிட்டு, இளைய மருமகள் பட்டறையை ஒட்டியிருந்த வீட்டுக்குள் போனாள். மூத்த மருமகள் பாசமாகத் தலையாட்டி வழியனுப்பினாள். அவள் முதுகு மறைந்ததும் பாசமும் மறைந்தது.

கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்தப் பட்டறையில் பிளாஸ்டிக் ஸ்டூல் வார்ப்பவள் மூத்தவள். நேற்று வந்தவள் நாலு எழுத்து கூடுதலாகப் படித்துவிட்டாளாம், மாமனார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். "இன்னிக்கு வர்ற ஸ்டூல் தாங்கிடுச்சுன்னா பட்டறைப் பொறுப்பு சின்னவளுக்குத்தான்" என்று காலையில் அவர் சொன்னதிலிருந்து மூத்தவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

பழைய தண்ணீர் பாட்டிலையும் பழைய பைகளையும் ஒன்றாக உருக்கி ஸ்டூல் செய்யப் போகிறாளாம் சின்னவள். அந்த இரண்டு பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று சேராது என்பது பட்டறைச் சுவருக்குக்கூடத் தெரியும். போன வாரம் அவள் வார்த்த ஸ்டூலில் மாமனார் உட்கார்ந்தார், அடுத்த நொடி தரையில் கிடந்தார். அன்றைக்கு மூத்தவளுக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

"இழுவை மெஷின்கிட்ட கொஞ்சம் எங்கூட நில்லுங்களேன், அக்கா" என்று சின்னவள் கெஞ்சிய நாளெல்லாம் மூத்தவளுக்குத் தலைவலி வந்திருக்கிறது. மெஷினடியில் கூடை நிறைய அறுந்த இழைகள் கிடந்தன. அறுக்க மட்டுமே தெரிந்தவளுக்குப் பட்டறை ஒரு கேடா!

உருகிய கலவை வெள்ளை இழையாக வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டியில் சூடு குறைந்து, இழுவை மெஷினின் உருளைகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதை நறுக்கித்தான் ஸ்டூல் வார்க்க வேண்டும். இழை அறுந்தால் இன்றைக்கு ஸ்டூல் கிடையாது, அவளுக்குப் பொறுப்பும் கிடையாது.

மூத்தவள் வேகக் குமிழைப் பிடித்தாள். வெடுக்கென்று திருப்பினால் மோட்டார் அலறும், உள்ளே சாப்பிடும் மாமனார் எச்சில் கையோடு ஓடி வருவார். தானாக அறுந்ததுபோல் இருக்க வேண்டும். அதனால் துளியூண்டு திருப்பினாள், பொறுத்தாள், மறுபடி துளியூண்டு திருப்பினாள்.

பாழாய்ப்போன இழை மெலிந்துகொண்டே போனதே தவிர, அறுகிற வழியைக் காணோம். தையல் நூல் மாதிரி ஆகியும் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவளின் செருப்புச் சத்தம் கேட்டதும் மூத்தவள் துணியை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் ஸ்டூல் வந்தது. மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறினார். பிறகு சுவரை விட்டார். பிறகு, அந்த உடம்போடு, குதித்தே பார்த்துவிட்டார். ஸ்டூல் அசைந்துகொடுக்கவில்லை.

"எப்படிம்மா தாங்குது?"

"பை பிளாஸ்டிக்குக்குள்ள பாட்டில் பிளாஸ்டிக் சொட்டுச் சொட்டா நிக்கும், மாமா. இழையை மெதுவா இழுத்து நீட்டினா, அந்தச் சொட்டெல்லாம் தலைமுடியைவிட மெல்லிசா நார் நாரா ஆயிடும். அந்த நார் உருகாத சூட்டுல வார்த்தேன். உள்ளே இருக்கிற நார்தான் உங்களைத் தாங்குது."

"பிரமாதம்! இனிமே பட்டறை உன் கையில."

மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. தன் கை செய்ததற்கு இவளுக்குப் பாராட்டா? வாய் முந்திக்கொண்டது.

"ஸ்பீடை ஏத்தினது நான்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமனார் ஸ்டூலை விட்டு இறங்கினார்.

"கை வைக்காதீங்கன்னு அவ சொன்னது எனக்கே உள்ளே கேட்டுச்சே. நீ எதுக்கு வெச்சே?"

மூத்தவள் மேசை துடைக்கும் துணியைத் தேடினாள். சின்னவள் குறுக்கே வந்தாள்.

"அக்கா இல்லேன்னா இந்த ஸ்டூலே இல்லை, மாமா. நான் ஏத்தினப்பல்லாம் அறுந்துபோச்சு. அவங்க கைக்குத்தான் அந்தப் பக்குவம் வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும். பொறுப்பை அவங்களுக்கே குடுங்க."

மூத்தவளுக்கு வந்த வெட்கமும் கோபமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

"தெரியும்னா, கை வைக்காதீங்கன்னு ஏன்டி சொல்லிட்டுப் போனே?"

சின்னவள் சிரித்தாள்.

"வைங்கன்னு சொல்லியிருந்தா வெச்சிருப்பீங்களா, அக்கா?"