இரண்டரை மணி பஸ்

"இதென்ன தோல் சீவுற லட்சணம்? பாதிக் கிழங்கு குப்பைக்குப் போகுது! உங்க சுவிட்சர்லாந்துல கிழங்குக்குத் தோலே கிடையாதா?"

தேத்கா போட்ட சத்தத்தில் லிவியாவின் கையிலிருந்த கத்தி நழுவியது. தேத்கா என்றால் அந்த ஊர் ஸ்லோவாக் மொழியில் அத்தை. பாதினா மெதடிஸ்ட் சபையின் சமையற்கட்டை ஆளுகிற அந்த அம்மாளைச் சின்னவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரியவர்களுக்கு அவள் 'சகோதரி'. அந்தச் சபையில் யாரையும் யாரும் சொந்தப் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

பதினாலு நாளாக லிவியா அங்கே தொண்டு செய்கிறாள். நடமாட முடியாத நாற்பது முதியவர்களுக்குச் சூப்பு காய்ச்சி, தூக்குச் சட்டியில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ஆனால் செர்பியாவின் அந்த மூலைக்கு அவள் வந்த காரணமே வேறு.

இரண்டு வயதில் அவளை அப்பா ஜூரிச்சுக்குக் கொண்டுபோனார். அவள் பெயரையும் மாற்றினார். "உங்கம்மா உன்னை வேண்டாம்னு தள்ளினவ, தேடிப் போகாத" என்று சொல்லிச் சொல்லியே போன வருஷம் கண்ணை மூடினார்.

அவர் பெட்டியில் அவளுடைய ஞானஸ்நானச் சீட்டு கிடைத்தது. பாதினா மெதடிஸ்ட் சபை. தாய்: யூதிதா சகாத்தோவா, பிறப்பு 1971.

லிவியாவுக்குக் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். ஏன் என்னை விட்டாய்? அதைப் பெற்றவள் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் ஊர் திரும்ப அவளுக்கு மனசில்லை.

வாய்விட்டு விசாரிக்கவும் பயம். பாதினாவில் காலையில் ஒருத்தர் காதில் போட்டால் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அம்மா நிஜமாகவே தள்ளினவளாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவாளே!

சபைக்கு வருகிறவர்களே பதினேழு பேர்தான். அதில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் நான்கு பேர். ஒவ்வொருத்தியின் மூக்கையும் விரலையும் களவாணி மாதிரி பார்த்துப் பார்த்து லிவியாவுக்குக் கண் வலித்ததுதான் மிச்சம். 'தேத்காவாக மட்டும் இருந்துவிடக் கூடாது, ஆண்டவரே' என்று ஜெபத்தில் தனியாக வேறு வேண்டிக்கொண்டாள்.

இன்றைக்குக் கடைசி நாள். இரண்டரைக்கு பெல்கிரேடு பஸ். இனியும் தாமதிக்க முடியாது, யாரிடமாவது கேட்டே தீருவது என்று அவள் வாயைத் திறந்தாள்.

"தேத்கா, இந்தச் சபையில..."

"கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல உக்காராதன்னு எத்தனை தடவை சொல்றது? காத்து பூந்து கழுத்து புடிச்சுக்கும், எந்திரி! கல்லறைத் தோட்டத்துல நம்ம சபை வரிசைல புல்லு மண்டிக் கிடக்கு. போய்ப் புடுங்கு. உனக்கு வழிக்கு ரொட்டி சுட்டு எடுத்துட்டுப் பின்னாலயே வரேன்."

கல்லறைத் தோட்டத்துக்கு வந்தபோது மணி ஒன்றரை. இரண்டு கல்லைச் சுற்றிப் புல்லைப் பிடுங்கினாள். மூன்றாவதைச் சுற்றிப் பிடுங்க ஒன்றுமில்லை. யாரோ துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்கள், செவ்வந்தியும் வாடவில்லை.

கல்லில் இரண்டு படங்களைப் பதித்திருந்தார்கள். மீசைக்கார மார்டின், 1964 - 2009. பக்கத்தில் நீளப் பின்னலோடு ஓர் இளம்பெண்.

யூதிதா. பிறந்த வீட்டுப் பெயர் சகாத்தோவா. 1971.

அப்பாவுக்குப் பிறகு அம்மா கட்டிக்கொண்டவர் இந்த மார்டின். லிவியா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அந்த வருஷத்துக்கு அப்பால் வழுவழுவென்று கிடந்த கல்லில் நெற்றியை முட்டிக்கொண்டு, அப்பாவிடம் கற்ற அந்த ஊர் மொழியிலேயே கதறினாள்.

"அம்மா! உன் மக வந்திருக்கேன்மா! ரெண்டு வயசுல என்னை ஏன் விட்டன்னு கேக்கக்கூட விடாமப் போயிட்டியே!"

பின்னால் பொத்தென்று சத்தம். ரொட்டிக் கூடை புல்லில் கவிழ்ந்து கிடக்க, தேத்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"யாரைடி அம்மான்ன?"

"இவங்கதான் தேத்கா எங்கம்மா. சுவிஸ்லேர்ந்து தேடிக்கிட்டு வந்தேன்... வந்து பாத்தா செத்துப் போயிட்டாங்க!"

தேத்கா தடுமாறி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். லிவியாவின் விரலைப் பிடித்து 1971 மேல் வைத்து, அங்கிருந்து வலது பக்கமாக, ஒன்றுமே எழுதாத இடத்துக்கு நகர்த்தினாள்.

"புருஷன் முந்திக்கிட்டா பொண்டாட்டி பேரையும் படத்தையும் அன்னைக்கே சேத்து வச்சிருவாங்க எங்க ஊர்ல. செத்த வருஷம் எங்க இருக்கு, நல்லாப் பாரு..."

லிவியா திரும்பிப் பார்த்தாள். பதினாலு நாளும் அவளைத் திட்டித் தீர்த்த அந்த முகம் முழுக்கக் கண்ணீர்.

"நான் எங்கடி உன்னை விட்டேன்? உங்கப்பன்தானே தூக்கிட்டு ஓடினான்!"