ஆம்பளைச் சாட்சி

"புருஷன் அடிச்சான்னு நீ சொன்னாப் போதுமா? ஆம்பளைச் சாட்சி ஒருத்தரைக் கூட்டிட்டு வா," என்றார் மதச் சபைப் பெரியவர்.

"கதவைச் சாத்திட்டு அடிக்கிறவர் சாட்சி வெச்சுக்கிட்டா அடிப்பார்?" என்று கேட்டாள் அவள்.

"இந்த வாய்க்குத்தான் அடி வாங்கியிருக்கே. எந்தக் கோர்ட்டுக்கு வேணாப் போ. மணவிலக்கு நாங்க குடுத்தாத்தான் உண்டு. பேசாம அவனோட போய் வாழு."

முறிந்த கையோடு வெளியே வந்தவள், பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். மாவுக்கட்டு தெரியாமல் கறுப்பு அங்கியை இழுத்துவிட்டபடி அவள் உள்ளே நுழைந்ததும், நீதிமன்றமே எழுந்து நின்றது.

கூண்டில் முகம் வீங்கிய பெண் ஒருத்தி கைகூப்பினாள். "புருஷன் அடிச்சதுக்குச் சாட்சி யாரும் இல்லீங்கம்மா."

முறியாத கையால் பேனாவை எடுத்தாள் நீதிபதி.

"அதான் நீ இருக்கியேம்மா. சொல்லு."