கேமராவுக்கு வைத்த பொட்டு

அந்த அலுவலகத்தில் யார் எந்தக் கணினி முன் உட்கார்ந்தாலும், அது முகத்தைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டு, அவருக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் தானே அமைத்துவிடும். ஒரு கேள்வி கேட்காது. நிர்வாகத்துக்கு அதில் அவ்வளவு பெருமை.

அக்கா பூங்கோதை இறந்த பிறகு அவளுடைய வேலைக்கு வந்தவள் அமுதவல்லி. முதல் நாள் உட்கார்ந்ததுமே, அக்காவுக்குப் பிடித்த இளம்பச்சையில் திரை விரிந்தது. அழுதுவிட்டாள். மாற்ற மனம் வராமல் ஆறு வருடம் அதிலேயே வேலை பார்த்தாள்.

இந்த ஆயுத பூஜைக்குக் கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் தாராளமாக அப்பியதில் கேமராவின் கண் மறைந்துபோனது. விடுமுறை முடிந்து வந்து உட்கார்ந்தவளிடம் கணினி முதன்முறையாகக் கேட்டது: "உங்கள் பெயர்?"

தட்டினாள்.

"இந்தப் பெயரில் ஊழியர் யாரும் இல்லை."

மேலாளர் வின்சென்ட் வந்து பதிவுகளைப் பார்த்தார். "உங்களுக்கு அப்படியே அக்கா ஜாடைங்க. அவங்கன்னே நெனச்சிருச்சு. ஆறு வருஷ சர்வீசும் அவங்க பேர்லதான் இருக்கு. அவங்க தவறிட்டாங்கன்னு நீங்க சொல்லலையா?"

"அது கேக்கவே இல்லீங்களே, சார்."

"இப்ப உங்க பேருக்கு மாத்தணும்னா புதுசாத்தான் சேரணும். புது ஆள் எடுக்கறதை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு." குரலைத் தாழ்த்தினார். "பொட்டைத் துடைச்சிட்டு வேலையப் பாருங்கம்மா."

முந்தானையால் துடைத்தாள். திரை இளம்பச்சையில் விரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகம் கோணினால் மறுபடியும் பெயர் கேட்டுவிடுமோ என்று அடக்கிக்கொண்டாள்.