எஞ்சின் சூடாகட்டும்

"கிளம்புங்க!" என்றேன், டாக்சிக் கதவை அறைந்து சாத்திவிட்டு.

டிரைவர் என் பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. வண்டி மட்டும் நகரவில்லை.

"என்னாச்சு?"

"எஞ்சின் கொஞ்சம் சூடாகட்டும்மா. தெருமுனை தாண்டினா மேட்டு ரோடு. எடுத்த எடுப்புல விரட்டினா தாங்காது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாரிடம் வந்து என்ன பேசுகிறார்!

"நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துறவ. ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷம் போதும். அப்புறம் மெதுவா உருட்டிக்கிட்டே போனா தானா சூடாகும். அதுவரைக்கும் ஆக்ஸிலேட்டரைப் போட்டு மிதிக்காம இருந்தா சரி. நின்ன இடத்துல ஓட விட்டா டீசல்தான் பாழ்."

"அது புது வண்டிக்கும்மா. இது கிழம்."

இருந்த எரிச்சலில் இது வேறு. தம்பி வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அம்மா போனபிறகு அவனை ஆளாக்கினவள் நான். நல்ல வேலையை விட்டுவிட்டுக் கடை வைக்கப்போகிறேன் என்றான். வேண்டாம்டா என்றேன். அவ்வளவுதான்.

"எல்லாத்துக்கும் பக்கத்து சீட்ல உட்கார்ந்துக்கிட்டு பிரேக் போடாதே! இது உன் ஸ்கூல் வண்டி இல்ல, என் வாழ்க்கை!" என்று கத்திவிட்டான்.

இனி செத்தாலும் அவன் வாசலை மிதிப்பதில்லை. திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கழுத்து வலிக்க வலிக்க நேராகவே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். டிரைவரோ கண்ணாடியைத் துடைப்பதும் திருப்புவதுமாக இருந்தார்.

"இப்ப எடுக்கறீங்களா, நான் இறங்கி வேற வண்டி பிடிக்கட்டுமா?"

"இதோ ஆயிடுச்சும்மா."

"இதையேதான் அப்பவும் சொன்னீங்க!"

கதவில் கை வைத்தேன். அதற்குள் மறுபக்கக் கதவு திறந்தது. தம்பி. மூச்சு வாங்க, வெறுங்காலோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கத்தினது தப்புக்கா. கடை வைக்கிறது வைக்கிறதுதான். ஆனா பக்கத்து சீட்ல நீ இல்லாம எனக்கு ஓட்ட வராது."

"போடா கழுதை" என்றேன். என் பக்கக் கதவைத் திறந்து இறங்கினேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். நான் டிரைவரிடம் போனேன். அந்த மனுஷனை என்ன விரட்டு விரட்டிவிட்டேன்!

"மன்னிச்சுக்குங்க. இவ்வளவு நேரம் எஞ்சினைச் சூடு பண்ணினதெல்லாம் வீணாப் போச்சே உங்களுக்கு."

அவர் எஞ்சினை அணைத்தார்.

"ஸ்டேஷன்ல ஆளை இறக்கிவிட்டு நேரா உங்க வாசலுக்குத்தானேம்மா வந்தேன்? எஞ்சின் வரும்போதே சூடுதான். தம்பி மாடிப்படியில ரெண்டு படி இறங்குறதும் மறுபடி ஏறுறதுமா இருந்தார். அவர் இறங்கி முடிக்கட்டும்னுதான் நின்னேன்."